மலையைக் கடந்த மூன்று பாதைகள்

இத்தாலி நாட்டின் வடபகுதிச் சமவெளியில் பொலோஞா என்னும் பழம்பெரும் நகரம் அமைந்துள்ளது. அதற்குத் தெற்கே, ஆர்னோ ஆற்றின் கரையில், கலைச் செல்வம் நிறைந்த ஃபுளாரன்ஸ் நகரம் விளங்குகிறது. நேர்கோட்டில் அளந்தால் இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு 80 கிலோமீட்டர் அளவே. ஆயினும் இடையில் அப்பினைன் மலைத்தொடர் குறுக்கிட்டு நிற்கிறது. இன்றைய அதிவேக வண்டி அம்மலையை 40 நிமிடங்களுக்குள் கடந்துவிடுகிறது. அதன் பின்னே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் வரலாறு இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தாலி ஒரே நாடாக இல்லை. பொலோஞா போப்பாண்டவரின் ஆட்சியிலும், ஃபுளாரன்ஸ் டஸ்கனிக் கோமகனின் ஆட்சியிலும் இருந்தன. மலை இயற்கை அரணாக மட்டுமன்றி அரசியல் எல்லையாகவும் விளங்கியது. அதனை ஊடுருவி இருப்புப்பாதை அமைக்க 1851-இல் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆஸ்திரியா, போப்பாண்டவர் அரசு, டஸ்கனி, மோதெனா, பார்மா ஆகிய ஐந்து ஆட்சிகள் அதில் கையெழுத்திட்டன. ஆனால் பாதை முடிவதற்கு முன்னரே அவற்றுள் சில மறைந்துபோயின. 1861-இல் ஒன்றுபட்ட இத்தாலிய அரசு தோன்றியது. முடியாட்சிகள் கூடித் தொடங்கிய பணியைப் புதிய நாடே முடித்துவைத்தது.

பிரெஞ்சுப் பொறியியல் வல்லுநரான ழான் லூயி புரோத்ஷ் இப்பாதையை அமைத்தார். பொலோஞாவிலிருந்து ரேனோ ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே ஏறி, 616 மீட்டர் உயரத்தைத் தொட்டு, பிஸ்தோயா நகருக்கு இறங்கும் இப்பாதையில் 47 குகைவழிகள் உள்ளன. 1864 நவம்பரில் இது முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டிலேயே தலைநகரை டூரினிலிருந்து ஃபுளாரன்சுக்கு மாற்ற அரசு முடிவு செய்திருந்தது. ஆதலின் அடுத்த ஆண்டு தலைநகர் மாறியபோது வடக்கையும் புதிய தலைநகரையும் இணைக்கும் பாதை ஆயத்தமாக இருந்தது.

மும்பையிலிருந்து சென்னை நோக்கிப் பயணம் செய்யும் நேயர்கள் கர்ஜத்துக்கும் கண்டாலாவுக்கும் இடையே போர்காட் மலைச்சரிவைக் கடந்திருப்பார்கள். அந்தப் பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1863. இவை இரண்டும் ஒரே காலத்தில், ஒரேவகை இடர்களுக்கு நடுவே, கூலியாட்களின் கைவலியால் உருவானவை என்பது எண்ணத்தக்கது.

பொர்ரெத்தானா எனப்பட்ட அந்த முதற்பாதை மலையூர்களுக்கு வாழ்வளித்தது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற பொர்ரெத்தா ஊருக்கு விருந்தினர் வந்து குவிந்தனர். பிராக்கியா பகுதியில் குளிர்காலத்தில் குளங்களில் உறையும் பனிக்கட்டியை வெட்டிச் சேமித்து, வண்டியேற்றி நகரங்களுக்கு அனுப்பினர். ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் நீராவி எஞ்சின்கள் மூச்சுத் திணறின. குகைகளில் தேங்கிய புகை, வண்டியோட்டுவோரையும் பயணிகளையும் வருத்தியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், குகைகளுக்குள் காற்றை விசையுடன் செலுத்தும் பொறியை மார்க்கோ சக்கார்டோ என்பவர் பிராக்கியாவில் நிறுவினார். துன்பம் சற்றுக் குறைந்தது. ஒற்றைத் தண்டவாளத்தின் நெருக்கடி தீரவில்லை.

எனவே 1913-இல் இரண்டாம் பாதையின் பணி தொடங்கியது. மலைமீது ஏறாமல் அதன் அடியிலே துளைத்துச் செல்வதே நோக்கம். இதன் உயிர்நாடி 18.5 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்குகை. இருமுனைகளிலிருந்தும் தோண்டியதோடு, நடுவே கா தி லாந்தினோ என்னுமிடத்திலும் மலைமேலிருந்து சாய்வான சுரங்கங்களை இறக்கினர். அங்கே தொழிலாளரும் அவர்தம் குடும்பங்களும் வாழ ஒரு புதிய ஊரே எழுந்தது. பாறையிடுக்குகளிலிருந்து எரிவாயு கசிந்து தீப்பற்றியது. நிலத்தடி நீர் வெள்ளமாய்ப் பாய்ந்தது. பாறைத்தூள் நுரையீரலை அரித்தது. இந்த ஒரு குகையில் மட்டும் ஏறத்தாழ நூறு தொழிலாளர் விபத்துகளில் மாண்டனர். தூசியால் நோயுற்று, வீடு திரும்பியபின் மெல்ல மாய்ந்தோரை அக்கணக்கு முழுமையாகக் காட்டுவதில்லை.

1934 ஏப்ரலில் பாதை திறக்கப்பட்டது. 131 கிலோமீட்டர்ப் பயணம் 97 கிலோமீட்டராகக் குறைந்தது. ஏறவேண்டிய உயரமும் பாதியளவாயிற்று. முசோலினியின் அரசு இதனைத் தன் சாதனையாக முழக்கியது. பணியோ அவர் ஆட்சிக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியது. 1939 சூலையில் ஃபுளாரன்சிலிருந்து மிலானுக்கு ஓடிய மின்வண்டி ஒன்று, வழியில் மணிக்கு 203 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலகை வியக்கவைத்தது.

ஐந்தாண்டுகளில் காட்சி மாறியது. 1944-இல் பின்வாங்கிய செருமானியப் படைகள் பாலங்களையும் தண்டவாளங்களையும் தகர்த்தன. அந்த இலையுதிர்காலத்தில் ஃபுளாரன்சுக்கு வடக்கேயுள்ள இதே மலைகளில் இந்திய எட்டாவது டிவிசன் வீரர்களும் மழையிலும் சேற்றிலும் போரிட்டனர். அப்போர்க்களங்களில் வீழ்ந்த இந்தியருக்கு ஃபோர்லி நகரில் கல்லறைத் தோட்டமும் நினைவுச்சின்னமும் உள்ளன.

போருக்குப் பின் பாதை சீர்பெற்றது. எனினும் 1974-லும் 1984-லும் பயங்கரவாதிகள் பயணிகள் வண்டிகளில் வெடிகுண்டு வைத்தனர். முதலாவது வண்டி பெருங்குகையின் வாயிலிலும், இரண்டாவது வண்டி குகையின் உள்ளேயும் சிதைந்தன. முன்னதில் 12 பேரும் பின்னதில் பதினைந்துக்கும் மேற்பட்டோரும் உயிரிழந்தனர்.

2009 திசம்பரில் மூன்றாவது பாதை திறக்கப்பட்டது. இதன் 78.5 கிலோமீட்டர் நீளத்தில் 73 கிலோமீட்டருக்கு மேல் குகையே. இதைத் தோண்டியபோது முஜெல்லோ வட்டாரத்தில் ஊற்றுகளும் ஓடைகளும் வற்றின. தலைமுறை தலைமுறையாக அந்நீரை நம்பிய உழவர்கள் முறையிட, வழக்கு நீதிமன்றம் சென்றது.

முதற்பாதையின் பயணி புகையில் வருந்தினாலும், ஆற்றையும் காட்டையும் ஊர்களையும் கண்டார். மூன்றாம் பாதையின் பயணி பெரும்பாலும் இருளையே காண்கிறார். வசதி பெருகியது உண்மை. அதனை இகழ்தல் முறையன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தவர் பயணியல்லர்; குகை தோண்டிய தொழிலாளியும், மலையில் வாழ்ந்த குடியானவருமே. பொலோஞாவிலிருந்து பொர்ரெத்தாவரை பழைய பாதையில் உள்ளூர் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. நகரங்களை விரைந்து இணைக்கும் பாதைகளை நம் நாட்டில் அமைக்க முற்படும்போதும், இடையிலுள்ள ஊர்களுக்கு நாம் எதை விட்டுச்செல்கிறோம் என்ற வினாவை இந்த இத்தாலிய வரலாறு நம்முன் வைக்கிறது.