சாந்திநிகேதன் சென்ற கோவா ஓவியர்

திருச்சபையின் வரலாற்றை எழுதுவோர் மறைவல்லுநர்களையும் மறைபரப்பாளர்களையும் மறவாது குறிப்பிடுகின்றனர். ஓவியர்களையும் சிற்பிகளையும் நினைவுகூர்வோர் சிலரே. ஆயினும் விவிலியம் அவர்களை மறக்கவில்லை. ஆண்டவரின் உறைவிடத்தை அமைக்க அழைக்கப்பட்ட பெசலேல் இறை ஆவியால் நிரப்பப்பட்டான் என விடுதலைப் பயண நூல் உரைக்கிறது. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் திறன் மட்டுமன்று, பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலும் அவனுக்கும் அவன் துணைவன் ஒகோலியாபுக்கும் அருளப்பட்டது என அந்நூல் தொடர்ந்து கூறுகிறது. கலைத்திறன் இறைவனின் கொடை. எனினும் கற்றும் கற்பித்தும் வளர்க்கப்பட வேண்டிய கொடை. இவ்வுண்மையைத் தம் வாழ்வால் விளக்கியவர்களுள் ஒருவர், கோவா நாட்டுக் கத்தோலிக்க ஓவியர் ஆஞ்செலோ த பொன்சேகா.

1902ஆம் ஆண்டில் கோவாவின் சாந்து எஸ்தெவாவ் தீவில் பிறந்தவர் பொன்சேகா. அக்காலத்துக் கோவா போர்த்துக்கீசியர் ஆட்சியின்கீழ் இருந்தது. வசதியான குடும்பத்தில் பிறந்த அவர், முதலில் பம்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். அதனைப் பாதியில் துறந்து ஓவியம் பயிலத் தலைப்பட்டார். மருத்துவரின் மதிப்பையும் வருவாயையும் கைவிட்டுத் தூரிகையைத் தேர்ந்துகொள்வது இன்றும் எளிதன்று. அன்று எவ்வளவு அரிதாய் இருந்திருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அவர் சேர்ந்த பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளி 1857இல் தொடங்கப்பட்டது. சென்னைக் கலைப்பள்ளி அதற்கும் ஏழு ஆண்டுகள் முன்னதாக, 1850இல், மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரால் நிறுவப்பெற்றது. இப்பள்ளிகளில் ஐரோப்பியக் கலைமரபே அளவுகோலாய் இருந்தது. சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைதல், மனித உருவை அளந்து வரைதல், ஒளி நிழலைப் பிரித்தல் ஆகியவற்றில் மாணவர் தேர்ச்சி பெற்றனர். இத்தகைய பயிற்சி கைக்கு உறுதி தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கை யாருடைய முகத்தை வரையும், எந்த மண்ணின் ஒளியைத் தீட்டும் என்னும் வினாவுக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. அவ்விடையைத் தேடியே பொன்சேகா வங்காளம் சென்றார்.

வங்காளத்தில் அப்போது ஒரு மறுமலர்ச்சி வேரூன்றியிருந்தது. அதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் இ. பி. ஹேவல் என்னும் ஆங்கிலேயர். சென்னைக் கலைப்பள்ளியில் முன்னர்ப் பொறுப்பு வகித்த அவர், 1896இல் கல்கத்தாக் கலைப்பள்ளியின் தலைமையை ஏற்றார். இந்திய மாணவர் இந்தியக் கலையையே முதற்கண் கற்க வேண்டும் என வற்புறுத்தினார். அவரோடு இணைந்து உழைத்தவர் அபனீந்திரநாத் தாகூர். 1903இல் கல்கத்தா வந்த ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கானிடமிருந்து அவர் ஒரு புதிய முறையை அறிந்து தமதாக்கிக் கொண்டார். தாளில் நீர்வண்ணம் தீட்டி, அத்தாளை நீரில் நனைத்து, உலர்ந்தபின் மீண்டும் தீட்டுவது அம்முறை. பலமுறை இவ்வாறு செய்யும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கரைந்து, அதிகாலை மூடுபனி போன்ற மென்மையைப் பெறும். பொன்சேகாவின் நீர்வண்ண ஓவியங்களில் காணப்படும் அமைதிக்கு இப்பயிற்சி ஒரு காரணம்.

அபனீந்திரநாத்தின் தலைமாணாக்கர் நந்தலால் போஸ். 1909ஆம் ஆண்டளவில் அஜந்தாக் குகைகளின் சுவரோவியங்களைப் படியெடுக்கச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். பின்னர் இரவீந்திரநாத் தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனில் கலாபவனத்தின் பொறுப்பை வகித்தார். 1919இல் தொடங்கிய கலாபவனம், கல்வி என்பதற்கே வேறொரு பொருள் தந்தது. அங்கே பட்டம் முதன்மையாய் இருக்கவில்லை. மாணவர் மரநிழலில் அமர்ந்து மரத்தையே வரைந்தனர். சந்தைக்குச் செல்லும் சந்தால் மக்களையும், வயலில் நிற்கும் எருமைகளையும் கூர்ந்து நோக்கினர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்தே கட்டடச் சுவர்களில் ஓவியம் தீட்டினர். ஆசிரியர் வேலை செய்வதைப் பார்ப்பதே அங்கு பெரும்பாடம்.

அபனீந்திரநாத், நந்தலால் ஆகிய இருவரிடமும் பயின்ற பொன்சேகா அங்கே பெற்றதை எவ்வாறு பெயரிடுவது? இன்றைய வழக்கில் அதனை மேற்படிப்பு என்போம். ஆயினும் முன்பு கற்றதன் மேல் மற்றொரு அடுக்கை ஏற்றுவது மட்டும் அன்று அது. முன்பு கற்றதைச் சோதித்து, தேவையற்றதைக் களைந்து, தன் பார்வையைத் தானே கண்டடைவது. நம் குருத்துவப் பயிற்சியிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. மெய்யியல் படித்தவன் இறையியலுக்கு வரும்போது, தெரிந்த விடைகளையே மீண்டும் வினவத் தொடங்குகிறான். அவ்வாறு வினவாதவனின் மறையுரை மனப்பாடமாகவே நின்றுவிடும்; ஓவியனின் நிலையும் அத்தகையதே.

கற்றுத் தேர்ந்த மாணவரைக் கோவாவுக்குத் திரும்பிச் சென்று கோயில்களில் ஓவியம் தீட்டுமாறு அபனீந்திரநாத் பணித்தார் என்று கூறுவர். இந்துக் குடும்பத்தில் பிறந்த குரு, கத்தோலிக்க மாணவரை அவருடைய திருச்சபைக்கே திருப்பி அனுப்பினார் என்பது நம் சிந்தைக்குரியது. பொன்சேகாவும் 1930களின் தொடக்கத்தில் கோவா திரும்பினார். புடவை அணிந்த, நம் நாட்டு நிறமுடைய மரியன்னையை வரைந்தார். ஆனால் அங்கிருந்தோர் பலர் அதனை ஏற்கவில்லை; எதிர்ப்பு எழுந்தது. ஐரோப்பிய முகமே தூய முகம் என்று நான்கு நூற்றாண்டுகளாகப் பழகிய கண்களுக்கு, தம் தாயையும் தமக்கையையும் ஒத்த மரியன்னை அந்நியமாய்த் தோன்றினார். தம் மண்ணின் சாயலே தமக்கு வேற்றுச் சாயலாய்ப் போனதைவிட வேறு துயரம் உண்டோ?

தமிழ் மண்ணில் இதற்கு மாறான வழக்கம் நெடுங்காலமாய் உண்டு என்பது நமக்கு ஆறுதல். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் அன்னையைப் பெரியநாயகி என்னும் தமிழ்ப் பெயரால் போற்றினார். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய அன்னைக்குப் புடவை சாத்தி மக்கள் மகிழ்கின்றனர். கற்றோர் தயங்கியதை எளிய மக்களின் பக்தி தயங்காமல் செய்தது.

கோவாவை விட்டு நீங்கிய பொன்சேகாவுக்குப் புகலிடம் தந்தது புனேயில் இருந்த கிறிஸ்த பிரேம சேவா சங்கம். அது ஜேக் வின்ஸ்லோ என்னும் ஆங்கிலிக்கக் குரு 1922இல் நிறுவிய ஆசிரமக் குழு. கத்தோலிக்க ஓவியர் ஒருவர் பிரிந்துபோன சகோதரரின் கூரையின்கீழ் அமர்ந்து நம் மீட்பின் மறைபொருள்களை வரைந்தார். கிறிஸ்தவ ஒன்றிப்பு என்னும் சொல் நம்மிடையே பரவலாவதற்கு முன்னரே நிகழ்ந்த ஒன்றிப்பு இது. நம்மவருள்ளும் அவரை ஊக்குவித்தோர் இல்லாமல் இல்லை. பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியின் வரலாற்றறிஞர், இயேசு சபைக் குரு ஹென்றி ஹேராஸ், இந்தியக் கிறிஸ்தவக் கலை மலர வேண்டுமென உழைத்தவர், பொன்சேகாவுக்குத் துணைநின்றவர்.

1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டினை வெளியிட்டது. திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கு மட்டுமே உரியதாகக் கொண்டதில்லை என்று அதன் 123ஆம் பிரிவு அறிவித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பொன்சேகா தூரிகையால் கூறியதற்குச் சங்கம் இவ்வாறு சொல் தந்தது. இதனைக் கண்ட நான்கு ஆண்டுகளில், 1967இல், அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு ஒன்று இன்று கோவாவின் சவேரியார் வரலாற்று ஆய்வு மையத்தில் உள்ளது. ஒருகாலத்தில் அவருக்கு இடமில்லை என்ற மண்ணே அவருடைய படைப்புகளைக் காத்து வருகிறது.

சாந்திநிகேதன் பாணியே இந்தியக் கிறிஸ்தவக் கலையின் ஒரே வடிவம் என நாம் கருதிவிடலாகாது. காவியும் தாமரையும் தியானக் கோலமும் இந்தியாவின் ஒரு முகமே. உழவர், மீனவர், ஒடுக்கப்பட்டோர் ஆகியோரின் முகங்களிலும் கிறிஸ்து தம்மைக் காட்டுகிறார். அவற்றை வரையப் பொன்சேகாவின் வண்ணங்களைப் படியெடுத்தால் போதாது; அவர் மேற்கொண்ட தேடலை ஒவ்வொரு தலைமுறையும் தானே மேற்கொள்ள வேண்டும்.

இங்கேதான் நம் பங்குகளுக்கு ஒரு கடமை எழுகிறது. கலாபவனம் இன்று மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பகுதியாய் முதுநிலைப் பட்டம் வழங்குகிறது. 1950இல் கவின்கலைப் புலம் கண்ட பரோடாப் பல்கலைக்கழகமும் அவ்வாறே. நம் மாநிலத்தில் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் உள்ளன. இவற்றுக்குச் செல்ல விரும்பும் நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் முதற்கேள்வி, அதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது. பெற்றோரைக் குறைகூற இயலாது. வறுமை அறிந்தவர்கள் அவ்வாறுதான் கேட்பர். ஆனால் பங்குச் சமூகமும் அதே கேள்வியோடு நின்றுவிடலாமா? செவிலியர் கல்விக்கும் பொறியியல் கல்விக்கும் நாம் உதவித்தொகை திரட்டுகிறோம், நன்று. ஓவியம் பயிலும் பிள்ளைக்கு ஈராண்டு கால அவகாசமும், வண்ணமும், தக்க ஆசிரியரும் கிடைக்கச் செய்வதும் மறைப்பணியே. சங்க ஏட்டின் 127ஆம் பிரிவு தேவையான இடங்களில் திருக்கலைப் பள்ளிகள் தோன்ற வேண்டுமென விழைகிறது. 129ஆம் பிரிவு குருமாணவர் திருக்கலையின் வரலாற்றைக் கற்க வேண்டுமெனப் பணிக்கிறது.

அச்சில் வார்த்த சுரூபங்களை விலைக்கு வாங்கிப் பீடத்தில் நிறுத்துவது எளிது. அவற்றின் முன்னும் நம் மக்கள் உருக்கமாய் மன்றாடுகின்றனர். அப்பக்தியை யாரும் இகழ வேண்டாம். ஆனால் நம் பிள்ளை ஒருவன் கற்று, தேடி, செபித்து வரைந்த கிறிஸ்துவின் முகம் நம் கோயிலில் இடம்பெறும் நாளில், பொன்சேகாவுக்கு மறுக்கப்பட்ட வரவேற்பை நாம் அவனுக்கு அளித்தவராவோம். பெசலேலுக்கு ஆவியை அருளியவர் நம்மிடையே ஒகோலியாபுகளையும் எழுப்புவாராக.