மொத்தமே 15 விநாடிதான்! 2-ம் உலகப் போர் விமானங்களில் துப்பாக்கியைச் சுட்டது எப்படி?

சினிமாவில் போர் விமானங்கள் சண்டை போடும் காட்சியைப் பார்த்திருப்பீங்க. பைலட் பட்டனை அழுத்திப் பிடித்தால் தோட்டா மழை நிற்கவே நிற்காது. ஆனால் 2-ம் உலகப் போரில் பறந்த உண்மையான விமானங்களில் கதையே வேறு. கையில் இருக்கும் தோட்டா சில விநாடிகளில் தீர்ந்துவிடும். அதனால் எந்த பட்டன் எந்தத் துப்பாக்கியைச் சுடும் என்பது பைலட்டின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இன்று கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கும் முதலில் குழப்பம் வருவது இங்கேதான்.

அதென்ன 15 விநாடி கணக்கு?

பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கைகளில் மொத்தம் 8 பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் 300 தோட்டா. ஒரு துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1,150 தோட்டாக்களைச் சுடும். கணக்குப் போட்டுப் பாருங்க. பட்டனை விடாமல் அழுத்தினால் 15, 16 விநாடியில் எல்லாம் காலி! அதன்பிறகு எதிரி பின்னால் வந்தாலும் திருப்பிச் சுட முடியாது.

பிரிட்டன் விமானப்படையில் புகழ்பெற்ற பைலட் 'செய்லர்' மலான், வான் சண்டைக்கு 10 விதிகள் வகுத்தார். குறி சரியாக விழுந்த பிறகே சுட வேண்டும், அதுவும் ஒன்றிரண்டு விநாடி மட்டும் என்பது அதில் முக்கியமானது.

காற்றில் இயங்கிய பட்டன்

ஸ்பிட்ஃபயரின் கட்டுப்பாட்டுத் தண்டின் மேல்பகுதி வளையம் போல இருக்கும். கட்டைவிரல் படும் இடத்தில் துப்பாக்கி பட்டன். அதைச் சுற்றியுள்ள விளிம்பைத் திருப்பி 'சேஃப்' நிலையில் வைத்தால் கை தவறிப் பட்டாலும் சுடாது. 'ஃபயர்' நிலைக்குத் திருப்பினால்தான் சுடும்.

இந்த பட்டன் மின்சாரத்தில் இயங்கவில்லை. அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியாகப் போய்த்தான் துப்பாக்கிகளை இயக்கியது. சக்கர பிரேக்குக்கும் அதே காற்றுதான். சண்டையில் காற்று முழுவதும் வெளியேறிவிட்டால் துப்பாக்கியும் போச்சு, தரையிறங்கும்போது பிரேக்கும் போச்சு.

ஏன் இரண்டு பட்டன்?

ஜெர்மனியின் மெசர்ஷ்மிட் 109இ-3 விமானத்தில் இரண்டு வகை ஆயுதங்கள் இருந்தன. மூக்குப் பகுதியில் 2 இயந்திரத் துப்பாக்கிகள், தலா 1,000 தோட்டா. இறக்கைகளில் 2 பீரங்கிகள், 20 மி.மீ. அளவு. வெடிக்கும் குண்டுகளைச் சுடுவதால் பீரங்கிக்கு பலம் அதிகம். ஆனால் தலா 60 குண்டுகள்தான்.

இரண்டையும் சேர்த்து அழுத்தினால் என்ன ஆகும்? சுமார் 7 விநாடியில் பீரங்கி காலி. இயந்திரத் துப்பாக்கியோ கிட்டத்தட்ட ஒரு நிமிடம் வரை தாங்கும். அதுமட்டுமல்ல, பீரங்கிக் குண்டின் வேகம் குறைவு என்பதால் தூரம் போகப் போக அது சீக்கிரம் கீழே இறங்கிவிடும். அதனால்தான் கட்டுப்பாட்டுத் தண்டில் இரண்டுக்கும் தனித்தனி விசை வைத்தார்கள்.

பிரிட்டனும் பிறகு இதே வழிக்கு வந்தது. ஸ்பிட்ஃபயர் மார்க் 5பி-யில் 4 இயந்திரத் துப்பாக்கி, 2 பீரங்கி. பட்டனும் மூன்று பகுதியாக மாறியது. பீரங்கி மட்டும், இயந்திரத் துப்பாக்கி மட்டும், இரண்டும் சேர்த்து என எப்படி வேண்டுமானாலும் சுடலாம்.

இடது கையில் சுட்ட ஜப்பான்

ஜப்பானின் ஜீரோ விமானம் இதில் தனி ரகம். சுடும் விசை இருந்தது இடது கை பிடிக்கும் த்ராட்டிலில், அதாவது எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலில்! 7.7 மி.மீ. துப்பாக்கி மட்டும் போதுமா, 20 மி.மீ. பீரங்கியும் சேர்ந்து சுட வேண்டுமா என்பதை அங்கேயே இருந்த சிறிய சுவிட்சில் கட்டைவிரலால் தேர்வு செய்யலாம். முதலில் சிறிய துப்பாக்கியால் சுட்டு, குறி சரியா என்று பார்த்துவிட்டு, பிறகு பீரங்கியைச் சேர்த்துக்கொள்வது ஒரு வழக்கம்.

சிமுலேட்டரில் என்ன செய்யணும்?

ஐஎல்-2 ஸ்டர்மோவிக், டிசிஎஸ் வேர்ல்டு போன்ற சிமுலேட்டர்கள் இந்த வித்தியாசங்களை அப்படியே கொண்டுவருகின்றன. புதிதாக வருபவர்கள் இதையெல்லாம் கவனிக்கலாம்.

* ஜாய்ஸ்டிக்கில் இயந்திரத் துப்பாக்கிக்கு ஒரு பட்டன், பீரங்கிக்கு இன்னொரு பட்டன் ஒதுக்குங்க. எல்லாவற்றையும் ஒரே பட்டனில் வைத்தால் பீரங்கிக் குண்டு முதல் சண்டையிலேயே தீர்ந்துவிடும்.

* பட்டனை அழுத்தியும் சுடவில்லையா? ஜாய்ஸ்டிக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். டிசிஎஸ்-ல் அமெரிக்காவின் பி-51டி மஸ்டாங் ஓட்டினால், விமானி அறையின் முன்பலகையில் உள்ள துப்பாக்கி சுவிட்சை முதலில் ஆன் செய்ய வேண்டும். ஸ்பிட்ஃபயரில் 'சேஃப்' நிலையை மாற்ற வேண்டும்.

* எதிரி விமானம் தூரத்தில் தெரிந்ததுமே சுட ஆரம்பிக்காதீங்க. நெருங்கிப் போய், ஒன்றிரண்டு விநாடி மட்டும் சுட்டுவிட்டு விரலை எடுத்துடுங்க. மலானின் அந்த விதி சிமுலேட்டருக்கும் அப்படியே பொருந்தும்.