எரிந்த நோட்ர டாம் தேவாலயம்: 100 கோடி புள்ளிகளில் பத்திரமாக இருந்த அளவுகள்! 3டி ஸ்கேனிங் எப்படி வேலை செய்கிறது?

2019 ஏப்ரல் 15, மாலை நேரம். பாரிஸின் நோட்ர டாம் தேவாலயம் பற்றி எரிவதை உலகமே டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. மரக்கூரை மொத்தமும் எரிந்தது. ஊசி போல உயர்ந்து நின்ற கோபுரம் சரிந்தது. கல் வளைவுகளின் ஒரு பகுதியும் இடிந்து விழுந்தது.

தீ அணைந்ததும் எழுந்த பெரிய கேள்வி, "இதை அப்படியே திரும்பக் கட்ட முடியுமா? அளவுக்கு எங்கே போவது?" என்பதுதான்.

பதிலின் ஒரு பகுதி ஏற்கெனவே ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. ஆண்ட்ரூ டாலன் என்ற அமெரிக்கக் கலை வரலாற்றுப் பேராசிரியர், 2010-இல் தேவாலயத்தை உள்ளும் புறமும் லேசரால் அளந்து வைத்திருந்தார். 50-க்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி, 100 கோடிக்கும் அதிகமான புள்ளிகளைப் பதிவு செய்திருந்தார். ஆனால் தீ விபத்தைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன், 2018 நவம்பரில் காலமாகிவிட்டார்.

*ஒளியால் அளப்பது எப்படி?*

சரி, டேப் பிடிக்காமல், தொடக்கூட செய்யாமல் எப்படி அளக்கிறார்கள்? முக்கியமாக மூன்று வழிகள் இருக்கு.

*1. ஒளி போய்த் திரும்பும் நேரம்:* லேசர் ஒளி சுவரில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கருவி கணக்கிடும். அதை வைத்து தூரம் தெரிந்துவிடும். கேட்க சுலபம், செய்வது கஷ்டம். ஒரு நானோ விநாடியில், அதாவது ஒரு விநாடியின் 100 கோடியில் ஒரு பங்கு நேரத்தில், ஒளி சுமார் 30 செ.மீ. போய்விடும். அதனால் கருவிக்குள் இருக்கும் கடிகாரம் அவ்வளவு துல்லியமாக இருக்கணும். பெரிய கட்டடங்களுக்கு இந்த முறைதான் ஏற்றது. டாலன் பயன்படுத்தியதும் இந்த வகைக் கருவியைத்தான்.

*2. லேசர் கோடு:* பொருளின் மீது ஒரு லேசர் கோட்டைப் பாய்ச்சி, பக்கவாட்டில் இருந்து கேமரா பார்க்கும். மேடு பள்ளத்துக்கு ஏற்ப கோடு விலகித் தெரியும். லேசர், கேமரா, பொருள் மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். பள்ளியில் படித்த முக்கோணக் கணக்குதான் இங்கே தூரத்தைச் சொல்கிறது.

*3. வரிவரியான ஒளி:* ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் நேராக விழும். அதே நிழல் ஒரு பானை மீது விழுந்தால் வளைந்து தெரியும் இல்லையா? அதே விஷயம்தான். புரொஜெக்டர் வரிகளைப் பாய்ச்சும், அவை எங்கே எவ்வளவு வளைகின்றன என்று கேமரா படிக்கும். கைக்கு அடக்கமான இயந்திர பாகங்களைச் சோதிக்க இது உதவும். நல்ல கருவிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு வரை பிடித்துவிடும்.

*டேவிட் சிலை சொன்ன உண்மை*

1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு, இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலையை லேசர் கோடு முறையில் ஸ்கேன் செய்தது. பார்வையாளர்கள் போன பிறகு, இரவு இரவாக வேலை நடந்தது. கால் மில்லிமீட்டர் அளவு நுணுக்கம்கூட பதிவானது.

அப்போதுதான் ஒரு தப்பு வெளியே வந்தது. பல கலை நூல்களில் சிலையின் உயரம் 4.34 மீட்டர் என்று இருந்தது. உண்மையான உயரம் 5.17 மீட்டர்! உலகப் புகழ்பெற்ற சிலைக்கே 83 செ.மீ. வித்தியாசம்.

*உங்க கையிலும் இருக்கலாம்*

ஐபோனின் ஃபேஸ் ஐடி, கண்ணுக்குத் தெரியாத 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை முகத்தில் தூவி அதன் மேடு பள்ளத்தைப் படிக்கிறது. தட்டையான போட்டோவைக் காட்டி அதை ஏமாற்றுவது கஷ்டம் என்பதற்குக் காரணம் இதுதான். பல் மருத்துவமனைகளில் வாய்க்குள் மாவு வைத்து அச்சு எடுப்பதற்குப் பதிலாக, சிறிய ஸ்கேனரை உள்ளே காட்டி பல்லின் வடிவத்தை எடுப்பதும் இதே குடும்பம்தான்.

*எங்கே தடுமாறும்?*

கண்ணாடி என்றால் ஒளி ஊடுருவிப் போய்விடும். பளபளப்பான உலோகம் என்றால் வேறு பக்கம் தெறித்துவிடும். கன்னங்கரேல் என்று இருந்தால் ஒளியை விழுங்கிவிடும். அதனால் தொழிற்சாலைகளில் பொருள் மீது மெல்லிய வெள்ளைப் பவுடரைத் தெளித்துவிட்டு ஸ்கேன் செய்வார்கள். இன்னொரு விஷயம், ஒளி படாத இடத்தை ஸ்கேனரால் பார்க்க முடியாது. சுவருக்கு உள்ளே என்ன இருக்கு என்று அது சொல்லாது.

*ஸ்கேன் மட்டும் போதுமா?*

போதாது. நோட்ர டாமின் மரக்கூரையை மீண்டும் செய்ய, தீ விபத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு கட்டடக்கலைஞர்கள் ஒவ்வொரு உத்தரமாக அளந்து வரைந்திருந்த வரைபடங்களும் பெரிய அளவில் கைகொடுத்தன. தச்சர்கள் பழைய முறையில் கோடரியால் மரத்தைச் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

ஒரு கட்டடம் நன்றாக இருக்கும்போதே அதை அளந்து வைக்கணும். இடிந்த பிறகு எந்த ஸ்கேனராலும் பழைய அளவை எடுக்க முடியாது.