கோஸி அப் டு

கோஸி அப் டு என்பது ஒருவரை ஒட்டி நெருங்குவதைக் குறிக்கும் ஆங்கில வினைத்தொடர். பள்ளி இலக்கணங்கள் பிரேசல் வெர்ப் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. உடம்பால் நெருங்குவது, காரியத்துக்காக நெருங்குவது என இதற்கு இரண்டு பொருள் உண்டு. முதல் பொருளில் செல்லமான சொல். இரண்டாவதில் ஏறக்குறைய வசை. செய்தித்தாள் ஆங்கிலத்தில் அதிகம் கண்ணில் படுவது வசைதான்.

இதன் வேரான கோஸி குளிர்நாட்டுச் சொல். வெளியே பனி கொட்டும்போது உள்ளே கணப்பருகில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் கதகதப்பும், அதனால் வரும் நிம்மதியும் அதில் அடக்கம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்துப் பேச்சில் காணப்படும் இந்தச் சொல்லுக்கு ஸ்காண்டிநேவிய மூலம் இருக்கலாம் என்பது அகராதியாளர் கருத்து. நார்வே மொழியின் கோசெலியை உறவுச் சொல்லாகக் காட்டுவார்கள். தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்க அதன்மேல் கவிழ்க்கும் துணி உறைக்கு டீ கோஸி என்றே பெயர். பிரிட்டனில் கோஸியை எஸ் போட்டு எழுதுவார்கள், அமெரிக்காவில் இசட் போட்டு, உச்சரிப்பு ஒன்றே.

இதில் வரும் அப் என்பதற்கு மேலே என்று பொருள் கொண்டால் ஒன்றும் விளங்காது. கம் அப் டு, வாக் அப் டு ஆகியவற்றில் வருவதுபோல, அருகில் போய்ச் சேர்வதையே அது காட்டுகிறது. வினையோடு இப்படிச் சிற்றுருபு சேர்ந்து பொருள் மாறுவது வெளிநாட்டாருக்குப் பெரும் சிக்கல் என்று சாமுவேல் ஜான்சன் தம் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். பிரேசல் வெர்ப் என்ற பெயர் பிற்காலத்தது. அகராதி அறிஞர் ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் என்று குறிப்பிட்டு, லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் அதைப் பயன்படுத்தினார்.

இந்தத் தொடரின் மூன்று சொற்களும் பிரியாமல் வரும். யாரை நெருங்குகிறோமோ அவர் பெயர் டு என்பதற்குப் பின்னால்தான் நிற்கும். இறந்தகாலத்தில் கோஸீட் அப் டு, தொடர்நிகழ்வில் கோஸியிங் அப் டு. டு போய் வித் வந்தால் வாடை மாறிவிடும். கோஸி அப் வித் எ புக் என்றால் புத்தகமும் கையுமாகச் சுகமாகச் சாய்ந்துகொள்வது. அதில் யாருக்கும் உள்நோக்கம் கிடையாது. டு வந்தாலும் எப்போதும் குற்றம் என்றில்லை. பூனை மடியில் ஒட்டிப் படுக்கலாம், குழந்தை பாட்டியை அணைந்துகொள்ளலாம், வழிப்போக்கர் கணப்பை ஒட்டி உட்காரலாம். எதிரில் இருப்பவர் பதவியோ பணமோ உள்ளவராக இருந்தால்தான் தொடர் இரண்டாம் பொருளுக்குத் தாவுகிறது. மேலாளர், அமைச்சர், பணக்கார மாமா என்று யாரை வேண்டுமானாலும் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த இரண்டாம் பொருளில் ஒரு விசேஷம், பெரும்பாலும் மூன்றாம் ஆள்தான் இதைச் சொல்வார். நான் அமைச்சரிடம் கோஸி அப் செய்தேன் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது கேலி அல்லது வாக்குமூலம். நெருங்குகிறவர் அதை நட்பு என்பார், ராஜதந்திரம் என்பார். தள்ளி நின்று பார்க்கிறவர்தான் கோஸி அப் என்பார். ஆக, செயலோடு பார்த்தவரின் தீர்ப்பும் இதில் சேர்ந்தே இருக்கிறது. ஒரு நாடு தன் பழைய எதிரியோடு திடீரென்று விருந்தும் உடன்பாடுமாக நெருங்கும்போது, அதை விரும்பாத தரப்பின் பத்திரிகைகள் இந்த வினையைத் தலைப்பில் தூக்கிப் போடுவது இதனால்தான். அகராதிகள் இதற்குப் பேச்சுவழக்கு என்றும், குறைகூறும் தொனி உடையது என்றும் குறிப்பு இடுகின்றன. தேர்வுக் கட்டுரையிலும் அலுவலகக் கடிதத்திலும் தவிர்ப்பது நல்லது.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சில உண்டு. ஸ்னகிள் அப், கடில் அப் இரண்டும் உடல் நெருக்கத்தோடு நின்றுவிடும். சக் அப் டு கொச்சையான முகத்துதி. பட்டர் அப் என்றால் காரியம் ஆகப் புகழ்வது. குளோஸ் இன் ஆன் என்பதும் நெருங்குவதுதான், ஆனால் போலீஸ் திருடனைச் சுற்றி வளைக்கிற நெருக்கம்.

தமிழில் ஈடு தேடினால் காக்கா பிடிப்பது, ஐஸ் வைப்பது, சோப்புப் போடுவது, ஜால்ரா அடிப்பது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றும் கச்சிதமாகப் பொருந்தாது. இவற்றில் பல வாயால் செய்யும் வேலை. புகழ்ச்சி இல்லாமல் ஐஸ் வைக்க முடியாது. கோஸி அப் செய்ய ஒரு வார்த்தை புகழ வேண்டியதில்லை. கூடவே சாப்பிடலாம், அடிக்கடி எட்டிப்பார்க்கலாம், படத்தில் பக்கத்தில் நிற்கலாம், போதும். அண்டிப் பிழைப்பது என்றாலும் சரிவராது. அதில் எளியவர் வலியவரிடம் போவார். ஆங்கிலத் தொடரிலோ வல்லரசு ஒன்று எண்ணெய் வளமுள்ள குட்டி நாட்டிடமும் போகலாம். ஒட்டி உறவாடுவது ஓரளவு கிட்டே வருகிறது, கதகதப்பும் சந்தேகமும் அதில் சேர்ந்தே இருப்பதால். தமிழ்ச் செய்திகளில் வழக்கமாக வரும் ‘நெருக்கம் காட்டுகிறது’ என்ற மொழிபெயர்ப்பு செயலை மட்டும் சொல்லி, ஆங்கிலத் தலைப்பில் இருந்த இளக்காரத்தை விட்டுவிடுகிறது.