பினாங்குக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வோர்க்கு

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பள்ளிகளிலும் வீடுகளிலும் முதலில் எழும் பேச்சு பினாங்குதான். பேராவுக்குக் கடற்கரை இல்லாமல் இல்லை. லூமுட்டும் பங்கோர்த் தீவும் நம் மாநிலத்தவையே. ஆயினும் கடல், மலை, கடைத்தெரு, பேரங்காடி ஆகிய நான்கையும் ஒரே நாளில் காட்டிவிடலாம் என்பதால் பேருந்துகள் பினாங்கை நோக்கியே புறப்படுகின்றன. பயண நிரலும் ஏறத்தாழ ஒன்றே. காலையில் கொடிமலை, நண்பகலில் கெக் லோக் சி புத்தர் கோயில், பிற்பகலில் பத்து பெரிங்கி மணல், மாலையில் கெர்னி பிளாசா, இரவு வீடு. பிள்ளைகள் களைத்து உறங்கிவிடுவர். மறுவாரம் கட்டுரைப் பயிற்சியில் "நான் சென்ற சுற்றுலா" என்று அனைவரும் ஒன்றுபோல் எழுதித் தருவர்.

இந்நிரலில் குறையொன்று உண்டு. நம் தோட்டங்களுக்கு வந்த பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோர் இம்மண்ணில் முதன்முதல் கால் வைத்தது பினாங்குத் துறைமுகத்தில்தான் என்னும் செய்தி அந்நாள் முழுவதும் பிள்ளைகளின் காதில் விழுவதேயில்லை. தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன, லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன, கப்பலேறி வந்த கதையைத் தம் வாயால் சொல்லக்கூடிய முதியோர் அரியராகிவிட்டனர். எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், எந்த ஆண்டில் என்று கேட்டால் பல குடும்பங்களில் இன்று விடையில்லை. ஆகவே கடற்கரையும் கடைத்தெருவும் காண்பதற்கு எந்தத் தடையும் சொல்லாமல், அதே வழியில் பிள்ளைகளுக்கு எவற்றைச் சொல்லலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சாலை வழியாகச் செல்வோர் பிறையில் பினாங்குப் பாலத்தில் ஏறுவர். 1985 செப்டம்பரில் திறக்கப்பட்ட பாலம் இது, 13.5 கிலோமீட்டர் நீளமுடையது. 2014 மார்ச்சில் தெற்கே இரண்டாம் பாலமும் வந்துவிட்டது. முதற்பாலத்தில் தீவை நோக்கிப் போகையில் இடப்பக்கம் காடு மூடிய சிறு தீவொன்று தெரியும். அதன் பெயர் பூலாவ் ஜெரெஜாக். பேருந்தில் பாட்டை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை அப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குத் தொழுநோயாளர் குடியிருப்பும், அதனையடுத்து நோய்த்தடுப்புத் தனிமை முகாமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, மேல்தளத்தில் பாய் விரித்து வங்கக் கடலைக் கடந்து வந்த தொழிலாளரை அரசு நேராக ஊருக்குள் விடவில்லை. அம்மையோ காலராவோ கப்பலோடு வந்திருக்கலாம் என்னும் அச்சம் இருந்தது. முகாமில் நாள்களைக் கழித்து, உடல் தேர்வு முடிந்த பின்னரே அவர்கள் பெருநிலத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிற்காலத்தில், 1969 முதல் 1993 வரை, அதே தீவு சிறைத்தீவாகவும் விளங்கியது.

ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே கங்காணி முறை வேரூன்றியிருந்தது. தோட்டத்துக் கங்காணி தன் ஊருக்கே திரும்பிச் சென்று உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டிக்கொண்டு வருவான். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புதலைத் தடை செய்யும்வரை இம்முறை நீடித்தது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான்வரை இரயில் பாதை முழுமை பெற்ற பின்னர், பேராவின் தோட்டங்களுக்கு ஆள்களை ஏற்றிச் செல்வது எளிதாயிற்று. கப்பல், முகாம், பிறை, இரயில், தோட்டம் என்பதே அவர்கள் கண்ட வழி.

இதனை எண்ணிப் பாருங்கள். பினாங்கு வழியாக வந்த நம் முன்னோருள் மிகப் பலர் பினாங்கு நகரைப் பார்த்தவரல்லர். கடைத்தெருவின் விளக்கொளி முகாம்வரை எட்டியிராது. அதே கப்பலில் வந்த வணிகர் தம் கால்போன போக்கில் நகருக்குள் நடந்தனர். தோட்டத்திற்கென எழுதப்பட்டவர் எண்ணிக்கை பார்க்கப்பட்டு இரயிலேற்றப்பட்டனர். "தமிழர் பினாங்கைக் கட்டியெழுப்பினர்" என்று மேடையில் முழங்கும்போது இவ்விரு கூட்டத்தாரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். பிள்ளைகளிடம் பிரித்துச் சொல்வதே முறை.

பாலத்தைக் கடந்து ஜார்ஜ் டவுனுக்குள் வந்துவிட்டோம். 1786 ஆகஸ்டு 11இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இத்தீவைக் கைக்கொண்டார். இங்கே லெபோ பந்தாய் என்றொரு சாலை உண்டு. கடற்கரைத் தெரு என்று பொருள். வங்கிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும் அத்தெருவில் கடலைத் தேடினால் கிடைக்காது. தொடக்கத்தில் அலை அடித்த இடம் அதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, அதன் வெளி விளிம்பில் வெல்ட் கீ என்னும் துறையை அமைத்தனர். பழைய தெருக்கள் புது நிலத்தின்மேல் நீண்டபோது அந்நீட்சிக்குக் "காட்" என்று பெயர் வந்தது. பெயர்ப்பலகையில் "காட் லெபோ சூலியா" என்பதுபோல் இன்றும் காணலாம். காசியில் கங்கைக் கரையின் படித்துறைகளைக் குறிக்கும் அதே வடநாட்டுச் சொல்தான் இது. பிள்ளைகளை லெபோ பந்தாயில் நிறுத்தி, அங்கிருந்து துறைவரை எத்தனை அடி என்று எண்ணிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். அவர்கள் நடந்து கடப்பது பழைய கடலை. கணிதமும் வரலாறும் ஒருசேரக் கைகூடும்.

லெபோ சூலியாவின் பழைய பெயர் மலபார் தெரு. அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபாரிகள் என்றே குறித்தனர். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். ஏறத்தாழ ஆயிரம் சூலியாக்கள் குடியேறியிருந்தனர் என்றும், கப்பல்கள் ஆண்டுதோறும் ஆயிரத்து முந்நூறு முதல் இரண்டாயிரம் பேர்வரை கொண்டுவந்தன என்றும், அவர்கள் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப அடுத்த கூட்டம் வந்தது என்றும் லைட் 1794இல் எழுதி வைத்துள்ளார். தோட்டக் காலத்திற்கு நூறாண்டுக்கு முன்னமே இங்குத் தமிழ்க் குரல் ஒலித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

அருகிலேயே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் உள்ளது. தமிழ் முஸ்லிம்களின் தலைவராய் இருந்த காதர் முகைதீன் காலத்தில், 1801இல், இதற்கான நிலம் வழங்கப்பட்டது. பெயர்ப்பலகையைக் கண்டதும் பிள்ளைகள் கட்டாயம் ஒரு கேள்வி கேட்பர். நம்மை இழிவாகத் திட்டும் சொல் பள்ளிவாசலின் பெயரில் எப்படி வந்தது என்பர். அக்கேள்வியைத் தட்டிக் கழித்தல் கூடாது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்த அச்சொல், முன்பு இந்தியக் கரையிலிருந்து வந்தவரைச் சுட்டும் பொதுப்பெயராக இருந்தது. வசைச்சொல்லானது பிற்காலத்தில்தான். சொல் எவ்வாறு நிறம் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் அமையாது. பழைய பொருளைக் காட்டி இன்றைய வசையை ஏற்கச் செய்வது அன்று நம் நோக்கம் என்பதையும் உடன் சொல்லிவிடுங்கள்.

குயின் தெருவில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் 1833இல் எழுந்தது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுவே. நண்பகலில் நடை சாத்திவிடுவர் என்பதால் காலையிலேயே சென்றுவிடுவது நன்று. கோயிலையொட்டியதே லிட்டில் இந்தியா. பெற்றோர் சேலையும் மசாலைப் பொருளும் வாங்கும் வேளையில் பிள்ளைகளுக்குச் சிறு வேலை கொடுக்கலாம். தமிழிலிருந்து மலாய்க்குச் சென்ற சொற்களை அத்தெருவிலேயே தேடச் சொல்லுங்கள். கடை அங்கே கெடாய், கட்டில் காத்தில், கப்பல் காப்பால், சுருட்டு செருத்து, முதல் மோடால். இவற்றுள் வணிகமும் கடற்பயணமும் மிகுந்திருப்பதை அவர்களே கண்டுகொள்வர்.

பினாங்கு தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல பெட்டியடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு, ஒரு வட்டித் தொழில். ஐரோப்பிய வங்கிகள் ஏறிட்டுப் பாராத சிறு தோட்டக்காரர்க்கும் கடைக்காரர்க்கும் கடன் கொடுத்தவர்கள் இவர்கள். 1894இல் இவர்கள் தருவித்த வெள்ளித் தேர்தான் இன்றளவும் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குச் செல்கிறது. நாம் தைப்பூசத்திற்கு ஈப்போ கல்லுமலைக்குச் செல்லும் பழக்கத்தவர். ஆகவே தண்ணீர்மலையைத் திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் அமைதியாகக் காண்பதே நமக்கு வாய்ப்பு. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. படிகள் 513. மூட்டு வலியுள்ள தாத்தா பாட்டியை அடிவாரத்தில் அமர்த்திவிடுங்கள்.

உணவு வேளையில் நாசி கண்டாரைப் பற்றியும் சொல்லலாம். தோள்மேல் கம்பு வைத்து இருபுறமும் சுமை தொங்கவிடுவதை மலாயில் கண்டார் என்பர். அவ்வாறு சோறும் குழம்பும் சுமந்து, துறைமுகத் தொழிலாளர்க்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உழைப்பில் பிறந்த உணவு இது.

ஆசிரியர்கள் தவறவிடக் கூடாத செய்தி இன்னொன்று. 1816 அக்டோபர் 21இல் ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியால் பினாங்கு ஃபிரீ ஸ்கூல் தொடங்கப்பட்டது. அதன் ஆதரவில் தமிழ் வகுப்பும் நடைபெற்றது. அதனைக் கணக்கில் கொண்டே 2016இல் இந்நாட்டுத் தமிழ்க்கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோம். அப்பள்ளி 1928இல் கிரீன் லேன் பகுதிக்கு இடம் மாறிவிட்டது. நகரத்துப் பழைய கட்டடத்தின்முன் தமிழ்ப்பள்ளி மாணவர் நின்று படமெடுத்துக்கொள்வது, பேரங்காடியின் மின்படிக்கட்டில் எடுக்கும் படத்திற்குக் குறைந்ததன்று.

இனிப் புறநகர்கள். ஆயர் ஈத்தாமையும் கொடிமலையையும் பற்றி எல்லாரும் அறிவர். மலை இரயில் 1923இல் முதன்முதல் ஓடியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பூலாவ் திக்குஸ் என்றால் எலித்தீவு. பெயரில் தீவு இருந்தாலும் அது நகரத்தின் பகுதியே. பர்மியக் கோயிலும் சயாமியக் கோயிலும் அங்கே ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன.

அதனையடுத்த கெர்னி டிரைவ், சுங்கை சிப்புட் மாணவர்க்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1948 ஜூன் 16இல் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த மற்றொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள், 1960 வரை, அது நீடித்தது. அவசரகாலத்தின் நடுவே மலாயாவின் உயர் ஆணையராய் இருந்தவர் சர் ஹென்றி கெர்னி. 1951 அக்டோபர் 6இல் ஃபிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் அவரும் பதுங்கித் தாக்கிய படையினரால் கொல்லப்பட்டார். கடலோரச் சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆக, நம் ஊர்ப் பால்மரத்து நிழலில் வெடித்த துப்பாக்கியின் எதிரொலி, ஆண்டுகள் சில கழித்துப் பினாங்குக் கடற்கரையில் ஒரு பெயராக நின்றுவிட்டது. அவசரகாலத்தில் தோட்டத்து மக்களை முள்வேலிக்குள் வைத்ததையும், அரிசியைக்கூட அளந்து கொடுத்ததையும் கேட்டறிந்த பெற்றோர் அங்கே அமர்ந்து பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கடலையே பார்த்துக்கொண்டிருக்க எண்ணிச் செல்வோர் சற்று ஏமாறுவர். சாலையின் முன்புறக் கடலும் தூர்க்கப்பட்டுவிட்டது. லெபோ பந்தாயின் கதை மீண்டும் நடக்கிறது.

கடைசியாகப் பத்து பெரிங்கி. பாத்து என்றால் கல். பெரிங்கி என்றால் ஐரோப்பியன். நம் தமிழில் பறங்கி என்கிறோமே, அதுவும் இதுவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பறங்கிப் பாறை என்று தமிழாக்கிச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். 1970களில் பெரிய தங்கும் விடுதிகள் வந்த பின்னரே இது உலகச் சுற்றுலாத் தலமாயிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. நாட்டில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கு மாநிலத்தவர். விடுமுறை ஞாயிற்றுக்கிழமையன்று, நம்மைப்போல் குடும்பத்தோடு கடலாட வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். எனவே கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டை நோக்கி ஓட வேண்டும் என்பதை மணலில் இறங்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சொறிமீன் கொட்டும் இடமும் இதுவே. கணுக்கால் அளவு நீரோடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

திரும்பும் வழியைப் பற்றியும் ஒரு சொல். பேருந்தில் வந்ததையே பேருந்தில் திரும்ப வேண்டும் என்பதில்லை. சிறு குழுவாகச் செல்வோர் வெல்ட் கீயை அடுத்த துறையிலிருந்து பெரியில் பட்டர்வொர்த் செல்லலாம். கார்களை ஏற்றிச் சென்ற பழைய பெரிகள் 2020 இறுதியோடு ஓய்ந்தன. 2023 முதல் புதிய படகுகள் ஓடுகின்றன. இறங்கும் இடத்திற்கு அருகிலேயே இரயில் நிலையம் உண்டு. 2015 முதல் மின்இரயில் அங்கிருந்து புறப்படுகிறது. சுங்கை சிப்புட்டில் நிற்கும் வண்டியா என்று நேர அட்டவணையில் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். வண்டி புக்கிட் மேரா ஏரியைக் கடக்கும். தைப்பிங்கிற்குப் பின் புக்கிட் பெராப்பிட் மலையைச் சுரங்கத்தின் வழியே நேராகக் கடந்துவிடும். பழைய பாதை அம்மலையில் வளைந்து வளைந்து ஏறிச் சென்றது. பிறையில் ஏற்றப்பட்டவர்கள் அவ்வழியாகத்தான் முதன்முதல் கோலகங்சாரையும் அதற்கப்பால் நம் ஊரையும் வந்தடைந்தனர். பகல் வண்டியாகப் பார்த்து, பிள்ளைகளைச் சன்னலோரம் அமர்த்துங்கள்.