கைப்பிடியின் அடியில் இருந்த கறல்: இரும்பைத் தெரிவு செய்தல் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு



கடந்த பங்குனி மாதத்தில், நோயுற்றிருந்த மூதாட்டி ஒருவருக்கு நற்கருணை கொண்டு செல்லும்பொருட்டு, மூன்று மாடி வீடொன்றின் வெளிப்படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். உறைபனி இன்னும் கரையாத காலம். வழுக்கிவிடாதிருக்கக் கைப்பிடியை இறுகப் பற்றினேன். அதன் தூண் அடியிலே முறிந்து, கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துத் தப்பினேன். குனிந்து பார்த்தேன். மேலே புத்தம்புதிய கறுப்பு வர்ணம். கீழே, சீமெந்துப் படியில் ஊன்றிய இடத்தில், விரலால் நெரித்தாற் பொடியாகும் கறல்.

தேநீர் அருந்தும் வேளையில் அம்மூதாட்டியின் மகன், "சுவாமி, இந்தக் கோடையில் கைப்பிடியை மாற்ற வேண்டும், பின்முற்றத்துக்குக் கதிரை மேசையும் கொல்லரைக் கொண்டு செய்விக்க எண்ணுகிறேன். எந்த இரும்பு நல்லது?" என்று கேட்டார். குருவானவரிடம் கேட்கத்தக்க கேள்வியா என்று நீங்கள் எண்ணக்கூடும். ஆனால் மூன்றாம் மாடியில் வாழும் முதியவருக்கு அந்தப் படிக்கட்டே கோவிலுக்கு வரும் ஒரே வழி. ஆதலால் சில நூல்களைப் புரட்டியும், இரும்புவேலை செய்வோர் சிலரிடம் கேட்டறிந்தும், நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இந்நகரின் இரும்பு வரலாறு 1730ஆம் ஆண்டில் தொடங்குகிறது எனலாம். அவ்வாண்டில் பிரான்சுவா பூலன் டி பிரான்ஷ்வில் என்னும் மொன்றியல் வணிகர், துருவா றிவியேர் நகருக்கு அண்மையில் இரும்பாலை அமைக்கப் பிரெஞ்சு மன்னரின் அனுமதியைப் பெற்றார். அதுவே சென் மோறிஸ் இரும்பாலை. 1733இல் அவர் இறந்துபோக, மற்றவர்கள் பணியைத் தொடர்ந்து 1738இல் பேருலையை மூட்டினார்கள். சதுப்பு நிலங்களில் தோண்டிய இரும்புக்கல், காட்டு மரத்தில் எரித்தெடுத்த கரி, சுண்ணாம்புக்கல் ஆகிய மூன்றையும் உலையிலிட்டு, நீர்ச்சக்கரத்தால் துருத்தியை இயக்கினார்கள். உருகிய இரும்பை அச்சில் வார்த்து அடுப்புகளும் பானைகளும் செய்தார்கள். இன்னொரு பகுதியை மீண்டும் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்துக் கம்பிகளாக்கினார்கள். 1883இல் அவ்வாலை மூடப்பட்டது. அதன் இடிபாடுகளை இன்று தேசிய வரலாற்றுத் தலமாகப் பேணுகிறார்கள். இங்கிருந்து காரில் ஏறக்குறைய ஒன்றரை மணிநேரப் பயணம்.

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தையும் மறைக்கலாகாது. பிரான்ஷ்விலின் விதவை தெரேஸ் டி குவாஞ்சின் வீட்டில் மரி ஜோசெப் அஞ்செலிக் என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். 1734 சித்திரை 10ஆம் நாள் மொன்றியலில் மூண்ட பெருந்தீயை அவரே மூட்டினார் எனக் குற்றஞ்சாட்டி, சித்திரவதை செய்து, ஆனி 21இல் தூக்கிலிட்டார்கள். அவர் குற்றவாளிதானா என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்த கருத்துடையவர்களாக இல்லை. இரும்பாலையை நிறுவியவரின் பெயரை அறிந்துகொள்ளும்போது, அவர் இல்லத்தில் ஊதியமின்றி உழைத்தவரின் பெயரையும் அறிந்துகொள்வது நேர்மையாகும்.

அவ்வாலையில் இருவகையாகச் செய்த இரும்பே நம் கேள்விக்கு விடைகாணும் திறவுகோல். அச்சில் வார்ப்பது வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்குவரை காபன் இருக்கும். அதனால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகி, பூ, கொடி, இலை என எந்த வடிவத்தையும் நுட்பமாக ஏற்கும். பாரத்தையும் நன்கு தாங்கும். ஆயினும் வளையாது. வலுவாக அடித்தால் வெடித்துவிடும். அடித்துச் செய்வது தேனிரும்பு. அதில் காபன் மிகச் சொற்பம்; மரத்தின் நார்போலக் கசடின் இழைகள் அதனூடே ஓடும். செந்தழலாய்க் காய்ச்சினால் கொல்லர் விரும்பியபடி சுருளும், நீளும், ஒன்றோடொன்று இணையும். கறலையும் ஓரளவு எதிர்த்து நிற்கும். பழைய கல்லறைத் தோட்டங்களிற் காணும் கைவேலைச் சிலுவைகள் பல நெடுங்காலம் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்தத் தேனிரும்பு இன்று கடைகளில் இல்லை. 1856இல் பெசமர் உருக்கை மலிவாகச் செய்யும் முறையைக் காட்டியபின் அதன் காலம் சரியத் தொடங்கிற்று. இந்நகரின் விக்ரோறியாப் பாலமே அதற்குச் சாட்சி: 1859இல் தேனிரும்புக் குழாயாகக் கட்டப்பட்ட அது, நாற்பது ஆண்டுகள் கழியுமுன் உருக்குச் சட்டங்களால் மாற்றிக் கட்டப்பட்டது. வணிக நோக்கில் தேனிரும்பு செய்த கடைசி ஆலை, இங்கிலாந்தின் போல்ற்றன் நகரில், 1973இல் மூடப்பட்டது. ஆகவே "றொட் அயன்" என்று சொல்லி இன்று உங்களுக்கு விற்பது பெரும்பாலும் மென்னுருக்கே. அது ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. மென்னுருக்கும் உலையில் நன்கு வளையும், காய்ச்சி ஒட்டவும் எளிது. ஆனால் பாதுகாப்பின்றி விட்டால் விரைவிற் கறல் பிடிக்கும். பெயரைக் கேட்டு விலை கொடாமல், பொருளைக் கேட்டறிந்து விலை கொடுங்கள்.

நம்முடைய முன்னோர் இவ்வறிவில் எவருக்கும் பின்தங்கியவர்களல்லர். தமிழகத்தின் கொடுமணலில் உருக்குச் செய்த தடயங்களை அகழ்வாய்வு வெளிக்கொணர்ந்துள்ளது. இலங்கையின் சமனலவாவிப் பகுதியில், மலைச்சரிவுகளில் மேற்குநோக்கி உலைகளை அமைத்து, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி, 1000 ஆண்டுகளுக்கு முன்னரே உயர்தர உருக்கை எடுத்திருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்ற ஆய்வாளர் அத்தகைய உலையொன்றை மீளக் கட்டிக் காற்றால் இயக்கிக் காட்டி, 1996இல் தம் முடிவுகளை வெளியிட்டார். தில்லி இரும்புத் தூண் ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக நிற்பதற்கு அவ்விரும்பிலுள்ள பொஸ்பரசு பெரிதும் உதவுகிறது. எனினும் உப்புக் கரைசலில் அது நிற்கவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். உலோகத்தின் ஆயுளை அது நிற்கும் நிலமும் தீர்மானிக்கிறது.

மொன்றியலின் நிலம் எத்தகையது? மாரியில் வீதிகளிலும் படிகளிலும் உப்பைக் கொட்டுகிறோம். நம் ஊரின் கடற்காற்று செய்ததை இங்கு நம் கையாலேயே செய்கிறோம். அத்தோடு உறைபனி. நீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. பொள்ளலான கதிரைக்காலில் நீர் தேங்கினால் ஒரே மாரியில் அது வெடிக்கும். எனவே பொள்ளற் குழாயாயின் அடியில் நீர் வடியும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடித் தூணுக்கு முழுக்கம்பியே உத்தமம். அதைச் சீமெந்துக்குள் புதைப்பதைவிட, நீர் தங்காத அடித்தட்டின்மேல் நிறுத்துவது நன்று.

வர்ணம் மட்டும் போதாது. செய்து முடித்த மென்னுருக்கை, ஏறக்குறைய 450 பாகை வெப்பத்தில் உருகிய நாகத்தில் தோய்த்தெடுத்து, அதன்மேல் வர்ணம் பூசுவிப்பதே இந்நாட்டுக்கு ஏற்றது. நாகம் இரும்பை மூடுவதோடு நிற்பதில்லை. கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்கு முன்னே தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. நாகம் பூசிய இரும்பைப் பின்னர் வீட்டில் வைத்துக் காய்ச்சி ஒட்ட முயலாதீர்கள். அப்புகை காய்ச்சலை வருவிக்கும். அவ்வாறே பழைய படிக்கட்டுகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சிறுவர் விளையாடும் இடத்தில் அதைச் சுரண்டித் தூளாக்குவது ஆபத்து.

கதிரைகளைப் பொறுத்தவரை, அலுமினியத்தை இகழ வேண்டாம். 1901இல் கியூபெக்கின் ஷவினிகனில் இந்நாட்டின் முதலாவது அலுமினியம் வார்க்கப்பட்டது. ஆற்றின் மின்வலு மலிவாய்க் கிடைத்ததே காரணம். அது செங்கறல் பிடிக்காது. முதியவரும் தூக்கி உள்ளே வைக்கலாம். ஆனால் உலைக்களத்துச் சுருள்வேலை அதில் எளிதன்று: செந்நிறமாகித் தன் வெப்பத்தைக் காட்டாமலே உருகிவிடும். அதனைச் சாதாரண இரும்பாணியால் பூட்டினால், உப்புநீர் பட்ட இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். துருப்பிடிக்காத உருக்காணியும் இடையில் பிளாஸ்ரிக் வளையமும் வேண்டும். வார்ப்பிரும்பு மேசைக்கால் காற்றில் கவிழாது. ஆனால் கீழே விழுந்து வெடித்தால் திருத்துவது கடினம். துருப்பிடிக்காத உருக்கில் 316 என்னும் வகை உப்பை மற்றதைவிட நன்கு தாங்கும், விலை அதிகம். ஆகவே அந்த மகனுக்கு நான் சொன்னது: கைப்பிடிக்கு நாகம் தோய்த்த மென்னுருக்கு முழுக்கம்பி, அம்மா அமரும் கதிரைக்கு அலுமினியம், அழகுக்கான சுருள்வேலை வேண்டுமாயின் மேசையில் மட்டும்.

இறுதியாக, நம்மைப்பற்றி ஒரு சொல். சீராக் ஞான நூலின் 38ஆம் அதிகாரம் பட்டடையருகே அமர்ந்திருக்கும் கொல்லரை வியந்து பேசுகிறது. இத்தகையோரின்றி நகரில் எவரும் குடியிருக்க இயலாது என்கிறது. நம் ஊரிலோ, மண்வெட்டியும் கோவிற் கதவின் கீலும் வேண்டியபோது கம்மாலையைத் தேடிப் போனோம். அவற்றைச் செய்தவரைச் சாதியின் பெயரால் எங்கே இருத்தினோம் என்பதை முதியவர்கள் அறிவீர்கள். நாம் மலையேறிச் சென்று மன்றாடும் புனித அந்திரே, துறவறம் புகுமுன் கொல்லுத் தொழில் உட்படப் பல தொழில்களை முயன்றவர். பிழைப்புக்காக எல்லை கடந்து அமெரிக்க ஆலைகளில் உழைத்தவர். ஆகவே கைவேலைக்காரரிடம் விலை பேசும்போது, நியாயமான கூலியைக் குறைக்காதீர்கள். நாகம் தோய்ப்பதற்கான செலவை மிச்சம்பிடிக்கச் சொல்லி அவரை நெருக்காதீர்கள். அந்த மிச்சத்தின் விலையைத்தான் அன்று என் கையிற் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனி மாதத்தில் அந்தக் கைப்பிடி மாற்றப்பட்டது. ஆவணி 15இல் நம் மடு அன்னையின் பெருவிழாத் திருப்பலிக்கு அந்த அம்மா, அதைப் பிடித்துக்கொண்டு தாமே படியிறங்கி வந்தார். முதற் பனி விழுமுன், உங்கள் வீட்டுக் கைப்பிடிகளின் அடியை ஒருமுறை குனிந்து பாருங்கள். அயலில் தனித்து வாழும் முதியவர் இருப்பின் அவருடையதையும் பாருங்கள். மாற்றுவதற்கு வசதியில்லாதோர் திருப்பலி முடிந்தபின் தயங்காமல் என்னோடு பேசுங்கள். பங்கிலுள்ள இளைஞர்களைக் கொண்டு ஆவன செய்வோம்.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் நிறைவதாக.

என்றும் அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை