அலுவிகாரை ஏடுகளும் இன்றைய கணினிப் பிரதிகளும்

மாத்தளை நகரிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே சுமார் மூன்று கிலோமீற்றர் போனால் அலுவிகாரை. யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸிலிருந்து பலர் பார்த்த பாறைக் குகைகள்தான். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி (வலகம்பா) காலத்தில், பாளி திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இங்கேதான் என்பது மரபு. ஐந்து தமிழ் அரசர்களிடம் ஆட்சியை இழந்து மீட்டவன் வட்டகாமினி. அந்தப் போர்க்கதை நமக்குத் தெரியும். ஏடுகளின் கதை அவ்வளவாகத் தெரியாது.

அதுவரை நூல்கள் மனனத்திலேயே இருந்தன. ஒவ்வொரு பகுதியையும் ஓதிக் காக்கத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. பஞ்சமும் கலகமும் வந்தபோது 700 பிக்குகள் இந்தியா போனார்கள். 60 பேர் மலைநாட்டில் தங்கினார்கள். போனவர்கள் திரும்பியதும் இரு பகுதியாரும் ஓதி ஒப்பிட்டார்கள், ஓர் எழுத்தும் பிசகவில்லை என்கின்றன உரைநூல்கள். மகாநித்தேசம் என்ற நூல் மட்டும் ஒரேயொரு பிக்குவிடம் எஞ்சியிருந்ததாம். அவர் ஒழுக்கம் கெட்டவர் என்பதால் அவரிடம் கற்க மூத்த தேரர் ஒருவர் முதலில் மறுத்திருக்கிறார்!

பல நாடுகளில் இருந்தபடி ஒரே வலையமைப்பைப் பராமரிக்கும் குழுக்களுக்கும் இதே இரண்டு அச்சங்கள்தான்: பிரதிகள் ஒத்துப்போகுமா, ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை ஏதும் உண்டா. சிட்னியில் வேலை முடியும்போது லண்டனில் காலை. அதனால் எவரும் இரவு விழிக்கத் தேவையில்லை. ஆனால் பாதியில் நிற்கும் வேலையைக் குறிப்பெழுதிக் கையளிக்காவிட்டால் அடுத்தவர் இருட்டில் நிற்பார்.

பணியாளர்கள் பல நாடுகளில் இருந்து வேலை செய்யும் கிட்லாப் நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 இரவு, களைத்திருந்த பொறியியலாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் போயிற்று. ஐந்து காப்புமுறைகள் இருந்தும் ஒன்றும் ஒழுங்காக இயங்கவில்லை. அன்றாடப் பிரதியெடுப்பு பல நாளாகத் தோற்றிருந்தது. எச்சரிக்கை மின்னஞ்சலும் எவரையும் அடையவில்லை. ஆறு மணித்தியாலம் முன்பு வேறொரு தேவைக்காக எடுத்த பிரதிதான் காப்பாற்றியது. பிரதி இருக்கிறது என்று நம்பியிருந்தார்களே தவிர, மீட்டுப் பார்த்ததில்லை.

அலுவிகாரையின் ஏட்டுத்தொகுதி 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை, பர்மாவிலும் சீயத்திலும் பிரதிகள் இருந்தன. 1981இல் எரிந்த யாழ். பொது நூலகத்தின் சுமார் 97,000 நூல்களில் பலவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம், உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள தன்னார்வலர்களின் துணையோடு, ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்தி வருகிறது.

வழியும் அப்படித்தான். 2006 ஆகஸ்டில் ஏ9 மூடப்பட்டதும் குடாநாட்டுக்குக் கப்பலும் விமானமும் மட்டுமே மிஞ்சின. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்துக் கடலடிக் கம்பி அறுந்த தொங்கா நாடு, ஐந்து வாரங்கள் முறையான இணையமின்றி இருந்தது.

நம் வீடுகளில் காணி உறுதியும், காணாமல் ஆக்கப்பட்டவரின் படமும், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதியும் பெரும்பாலும் ஒரே கைபேசியில் அல்லது ஒரே பையில் இருக்கின்றன. ஒரு பிரதி வீட்டிலும், ஒன்று வேறு ஊரிலும், ஒன்று வெளிநாட்டு உறவினரிடமும் இருக்கட்டும். கடவுச்சொல் இருவருக்குத் தெரிந்திருக்கட்டும். வருடம் ஒருமுறை மூன்றையும் திறந்து பாருங்கள்.